கலைஞருக்கும் பேர் விழ வேண்டும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் பிரதிநிதிகள் கூட்டத்தில், பருவக் கண்காட்சித் திட்டம் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் சம்பளம் இருக்கிறது, வீட்டுக் காணி இருக்கிறது, ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியாக, கலைக் கண்காட்சி என்று எழுதியிருக்கிறது. அந்த வரிக்கு வந்ததும் இரண்டு மூன்று பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதில் தவறில்லை. தூரத்துத் தோட்டங்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். ஆனாலும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பளப் பேச்சு முடிந்த பிறகு பொழுதுபோக்குக்காக வைத்த விஷயம் இல்லை இது. இதுவும் சம்பளப் பேச்சின் ஒரு பகுதிதான்.

நம் தோட்டங்களில் "பேர்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வெளியாருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். ஒரு நாள் வேலை செய்து, சொன்ன கிலோவைக் கொடுத்தால், செக்ரோலில் பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். மழைக்கு இடையில் வந்துவிட்டால் அதற்கும் ஒரு கணக்கு. ஒருவருடைய பெயருக்கும் ஒரு நாள் கூலிக்கும் நம் மக்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். பேர் போடவில்லை என்றால் இரண்டும் போய்விட்டது என்றுதான் அர்த்தம்: உழைத்த கூலியும் இல்லை, உழைத்தார் என்ற சாட்சியும் இல்லை.

நமது கலைஞர்களுக்கு இந்த இரண்டும் இல்லை. அதனால்தான் இன்று இந்த விஷயத்தைக் கொண்டு வந்திருக்கிறேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் அதிகம் அச்சடிக்கப்பட்ட படங்களில் ஒன்று, கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம். தேயிலைப் பெட்டியில் இருக்கிறாள். விமான நிலையச் சுவரில் இருக்கிறாள். உல்லாசப் பயணிகளுக்கான புத்தகங்களில் இருக்கிறாள். வெள்ளைக்காரன் காலத்து விளம்பரங்களிலும் இருந்தாள். கூடை தெரியும், சிரிப்பு தெரியும், விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. நூறு வருடத்துக்கு மேலாக நாம் காட்சிப் பொருளாக இருக்கிறோம். ஆனால் காட்சியை வைத்தவர்கள் நாம் இல்லை.

கண்டி ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. 1925இல் கட்டிய பழைய ஸ்டோரைத் திருத்தி, 2001இல் திறந்தார்கள். போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். பழைய அரைக்கும் யந்திரங்களைத் துடைத்து அழகாக வைத்திருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவும் அங்கே இருக்கிறது. அந்த யந்திரத்துக்குக் கொழுந்து கொண்டு வந்து கொட்டிய பெண்ணின் பெயரை எங்கே தேடுவது?

அதற்குப் பதிலாக எழுந்ததுதான் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகாக் தோட்டத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. பழைய லயம் ஒன்றையே நூதனசாலை ஆக்கி 2007இல் திறந்தார்கள். அங்கே நம் பாட்டிமார் வைத்திருந்த பாத்திரம் பண்டம், வேலைக் கருவிகள், பழைய பத்திரங்கள் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் மூலையில் கிடக்கும் பொருளுக்கும் வரலாறு உண்டு என்று அந்த லயம் காட்டியது. இன்னும் போகாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு போயா நாளில் போய் வாருங்கள்.

அது போனவர்களின் நினைவுக்கு ஓர் இடம். நான் கேட்பது இருப்பவர்களுக்கு ஓர் இடம். இன்று நம் லயத்தில், நம் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் கலைஞருக்கு.

கலைஞர் என்றதும் தூரிகையும் பலகையும் வைத்துக்கொண்டு நிற்பவரை மட்டும் நினைக்க வேண்டாம். மாசி மாதம் காமன் கூத்து ஆடும் தோட்டங்களில், ரதிக்கும் மதனுக்கும் கிரீடம் செய்வது யார்? அட்டையை வெட்டி, வர்ணத்தாள் ஒட்டி, கண்ணாடித் துண்டு பதித்து, பார்ப்பவன் கண் கூசும்படி செய்கிறவர் பகலில் கவ்வாத்து வெட்டுகிறவர். எமனுக்கும் வீரபத்திரனுக்கும் முகம் எழுதுகிறவர் மருந்து அடிக்கிறவர். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முழுவதையும் ராத்திரி விடிய விடிய நினைவிலிருந்து பாடுகிற கூத்து வாத்தியார் பலருக்குப் பாடசாலைப் படிப்பே குறைவு. தப்பைத் தீயில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, இந்த அடி சாவுக்கு, இந்த அடி சாமிக்கு, இந்த அடி காமனுக்கு என்று பிரித்து அடிக்கிறாரே, அவர் கலைஞர். மூங்கிலைக் கீறிக் கொழுந்துக் கூடை பின்னத் தெரிந்த ஐயாமார் இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறார்கள். பையும் சாக்கும் வந்த பிறகு அவர்களிடம் யாரும் கூடை கேட்பதில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கட்டுகிற அம்மாமார் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, நம் மலையை நம் கண்ணால் காட்டுகிற தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். பாடசாலையில் சித்திரப் பாடம் எடுத்து நன்றாகச் செய்துவிட்டு, இன்று கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் நாம் என்ன கொடுக்கிறோம்? தப்பு அடித்தவருக்கு ஒரு போத்தல் சாராயம் கொடுத்து அனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சாவு வீட்டில் முன்னால் நிற்கச் சொல்லி அடிக்க வைக்கிறோம், சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பின்னால் நிற்க வைக்கிறோம். இதை வெளியார் செய்யவில்லை. நாமேதான் செய்கிறோம். உல்லாச ஹோட்டல்களில் "கலாசார நிகழ்ச்சி" என்று நம் பிள்ளைகளைக் கூட்டிப் போய் ஆடவிடும்போது, வெள்ளைக்காரர் கைதட்டுகிறார்கள். பஸ் காசும் ஒரு சாப்பாட்டுப் பார்சலும் கிடைக்கும். அறிவிப்புப் பலகையில் ஹோட்டலின் பெயர் இருக்கும், ஆடியவர் பெயர் இருக்காது. பாட்டுக்கும் இதே கதிதான். நாட்டார் பாடல் என்று அச்சேறும்போது, பாடிக் காட்டிய அம்மாவின் பெயர் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. எல்லாரும் சேர்ந்து "நாட்டார்" ஆகிவிடுகிறார்கள்.

ஒரு படம் வரைய இடம் வேண்டும். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி என்று கட்டிய லயக்காம்பராவில் மூன்று தலைமுறை படுக்கிற வீட்டில், ஒரு பிள்ளை எங்கே உட்கார்ந்து வரையும்? வரைந்ததை எங்கே வைக்கும்? கூரை ஒழுகும், சுவரில் ஈரம், ஒரு மழைக்காலம் போனால் காகிதத்தில் பூஞ்சணம். நம் தோட்டங்களில் ஓவியர் இல்லை என்று சொல்கிறவர்கள் கூரைத் தகரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டுப் பிரச்சினையும் கலைப் பிரச்சினையும் வேறு வேறு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது சிலருடைய மனதில் ஒரு கேள்வி இருக்கும். வயிற்றுப்பாட்டுக்கே வழி இல்லாதபோது கண்காட்சி எதற்கு? 1000 ரூபா நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் வரும் வரைக்கும் எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம்? சங்கம் அந்த வேலையை விட்டுவிட்டுக் கூத்துக்குப் போகலாமா?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நம்முடைய சங்க வரலாற்றிலேயே இருக்கிறது. தோட்டத்துக்குள் தொழிற்சங்கம் காலடி வைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. கோ. நடேசய்யர் அந்தக் காலத்தில் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார். தொழிலாளரின் நிலையைத் தானே பாட்டாகக் கட்டி, 1940இல் சிறு புத்தகமாகவும் வெளியிட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாத மக்களுக்குச் சட்டத்தையும் உரிமையையும் யார் கொண்டு போனது? பாட்டுத்தான் கொண்டு போனது. துண்டுப் பிரசுரத்தைக் கங்காணி பறிக்கலாம். மனதில் பதிந்த மெட்டைப் பறிக்க முடியாது.

சி.வி. வேலுப்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கவாதி. அடுத்த வருடமே, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர் ஆக்கியது. அந்தப் போராட்டங்களின் நடுவிலும் அவர் தோட்டம் தோட்டமாகப் பாட்டுகளைக் கேட்டு எழுதி வைத்தார். அது "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற புத்தகமாக வந்தது. இந்த மக்கள் இங்கே வாழ்ந்தார்கள், இங்கே அழுதார்கள், இங்கே பிள்ளை பெற்றுத் தாலாட்டினார்கள் என்பதற்கு அந்தப் பாட்டுகள் சாட்சி. பிரஜாவுரிமைக்குப் பத்திரம் கேட்ட அரசாங்கத்தின் முன்னால், பத்திரம் இல்லாத மக்களிடம் பாட்டு இருந்தது.

2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடைபயணத்தில் எங்கேயும் தப்புச் சத்தம் கேட்கவில்லையா? பாட்டு இல்லையா? நம் கோரிக்கையை நாட்டுக்குச் சொல்ல வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் கலைஞரைத் தேடுகிறோம். கோரிக்கை முடிந்ததும் அவரை மறந்துவிடுகிறோம். வருடம் முழுவதும் அவருக்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் திட்டத்தின் சாரம்.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். வருடத்துக்கு நான்கு கண்காட்சி. ஒவ்வொன்றும் ஒரு பருவத்துக்கு, ஒவ்வொன்றும் வேறு இடத்தில். பெரிய மண்டபம் வாடகைக்கு எடுத்து ஒரே தடவையில் செலவழித்துவிட்டு அடுத்த வருடம் மறந்துபோவதை விட, சிறிதாக, திரும்பத் திரும்ப நடப்பது நல்லது. கொழும்பில் 1993 தொடக்கம் கலா பொல என்று வருடந்தோறும் நடக்கிறது. வீதியோரத்தில் ஓவியரே தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவரோடு பேசி, விற்கிறார். பல ஓவியர்களுக்கு அதுதான் முதல் சந்தை. வருடந்தோறும் தவறாமல் நடப்பதால்தான் அதற்கு மதிப்பு. நம் பருவக் கண்காட்சிக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

முதலாவது மாசி. காமன் கூத்துப் பருவம். காமன் எரிந்து எழுந்து எல்லாம் முடிந்த பிறகு, கிரீடம், உடுப்பு, முகம் எழுதும் வர்ணம், தப்பு, இவற்றைச் செய்தவரோடு சேர்த்து வைப்போம். பல தோட்டத்துக் கூத்து வாத்தியார்களை ஒரே இடத்தில் உட்கார வைத்து, அவரவர் தோட்டத்து வழக்கத்தைச் சொல்லச் சொல்வோம். டிம்புள்ளப் பக்கத்துக்கு அதே காலம் தேயிலையின் தரமான பருவம். குளிரிலும் வெயிலிலும் கொழுந்து மெதுவாக வளரும். ஏலத்தில் நல்ல விலை போகும் தேயிலை அது. நம் கூடைக்கோ அது பாரம் குறைந்த காலம், கிலோ வராத காலம். விலை கூடுகிற மாதத்தில் பேர் குறைகிறது என்பதையும் அந்தக் கண்காட்சியில் ஒரு பலகையில் எழுதி வைப்போம். பார்க்க வருகிறவர்கள் வாசித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது சித்திரை. நுவரெலியா சீசன். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்க்க நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நாம் விற்கலாம். ஓவியம், மூங்கில் கூடை, தையல் வேலை, மரச் செதுக்கல், புகைப்படம். கூடை பின்னுகிற ஐயா அங்கேயே உட்கார்ந்து பின்னட்டும். ஓர் இளைஞர் பக்கத்தில் இருந்து பழகட்டும். சிங்களத்திலும் தமிழிலும் பெயர்ப் பலகை வைப்போம். நம்மை யார் என்று தெரியாமலே நம் தேயிலையைக் குடிக்கிற சகோதர இனத்து மக்களோடு பேச அது நல்ல சந்தர்ப்பம்.

மூன்றாவது ஆடி. ஊவாவுக்கு. கச்சான் காற்று வீசும் காலம், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைக்குப் பெயர் போன பருவம். அங்கே பாட்டும் பழைய படங்களும் வைக்கலாம். வீட்டில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய புகைப்படங்கள், துண்டுச் சீட்டுகள், பிறப்புப் பத்திரங்கள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போன உறவினர் எழுதிய கடிதங்கள். அசலை வாங்காமல் அங்கேயே பிரதி எடுத்துக்கொண்டு, அசலை வீட்டுக்காரர் கையில் திருப்பிக் கொடுப்போம்.

நான்காவது மார்கழி. பாடசாலை விடுமுறை. கோயிலில் பஜனை நடக்கும் காலம். சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறத் தொடங்கும் காலம், ஹட்டன் மஸ்கெலியா ரோட்டில் கூட்டம் இருக்கும். அது பிள்ளைகளின் கண்காட்சி. ஆனால் ஒரு நிபந்தனை. முதலாம் இரண்டாம் மூன்றாம் பரிசு வேண்டாம். வரைந்த ஒவ்வொரு பிள்ளையின் படமும் தொங்க வேண்டும். கீழே பிள்ளையின் பெயர், வகுப்பு, தோட்டம். தன் பெயரைச் சுவரில் பார்த்த பிள்ளை அடுத்த வருடமும் வரையும்.

தாழ்நிலத்து ரப்பர் தோட்டத் தோழர்கள், கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்தவர்கள், நமக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கண்காட்சியிலும் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. இரண்டாம் வருடத்தில் ஒன்றை உங்கள் பக்கத்திலேயே நடத்துவோம். மலை இல்லாத இடத்திலும் மலையக மக்கள் இருக்கிறார்கள்.

நடத்தும் முறைக்குச் சில சட்டங்கள் வேண்டும். சட்டம் இல்லாமல் தொடங்கினால் நாமும் அந்த ஹோட்டல்காரரைப் போல ஆகிவிடுவோம்.

முதல் சட்டம், பெயர். பெயர் இல்லாமல் எதுவும் தொங்கக் கூடாது. "தோட்டப் பெண் பாடியது" என்று எழுதக் கூடாது. பாடிய அம்மா பெயர் வேண்டாம் என்று தானே சொன்னால் மட்டும் விடலாம்.

இரண்டாவது, கூலி. கண்காட்சிக்கு வந்து ஆடுகிறவர், அடிக்கிறவர், பாடுகிறவர், பின்னிக் காட்டுகிறவர், ஒவ்வொருவருக்கும் அன்றைய ஒரு பேர் சம்பளத்துக்குக் குறையாமல் சங்கம் கொடுக்க வேண்டும். பணமாகக் கொடுக்க வேண்டும், போத்தலாக அல்ல. ஞாயிற்றுக்கிழமையில் அல்லது போயாவில் வைத்தால் வேலை நாள் கெடாது. காமன் கூத்து இரவுகளுக்கு அடுத்த நாள் பிரட்டுக்கு வர முடியாதவர்களுக்கு லீவு கேட்டு, தோட்ட நிர்வாகத்துக்குத் தலைவர்கள் முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். வாயால் கேட்டது கணக்கில் வராது.

மூன்றாவது, சொந்தம். படம், கூடை, கிரீடம் எல்லாம் செய்தவருக்கே சொந்தம். விற்றால் காசு முழுவதும் அவருக்கு. சங்கம் தரகு எடுக்கக் கூடாது. கடனாக வாங்கி வைக்கும் பொருளுக்கு இரண்டு பிரதி ரசீது எழுத வேண்டும், ஒன்று வீட்டுக்காரருக்கு. மழையில் நனைந்தால், உடைந்தால், நாம் பொறுப்பு.

நான்காவது, அனுமதி. காமன் கம்பமும் சில பொருட்களும் சாமிக்கு உரியவை. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதைக் கூத்து வாத்தியாரும் தோட்டத்துப் பெரியவர்களும் சொல்ல வேண்டும், நாம் அல்ல. ஒப்பாரியையும் அப்படித்தான் நடத்த வேண்டும். அது ஒருவரின் துக்கம். "ஒரு தடவை அழுது காட்டுங்கள்" என்று எந்த அம்மாவையும் கேட்கக் கூடாது. தானாகப் பாட முன்வந்தால் கேட்போம். படம் எடுக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஐந்தாவது, வரிசை. தப்பு வெளி வாசலில், மற்றது உள் மண்டபத்தில் என்ற ஏற்பாடு நம் கண்காட்சியில் இருக்கக் கூடாது. தப்பு அடிக்கிறவர் மேடையில் உட்காருவார், எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுவார். இதற்குச் சம்மதிக்காத தோட்டத்தில் கண்காட்சி வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. முன்பு பிரட்டுக்கு ஆட்களை எழுப்பியதும் தப்புத்தான், சாமியை வரவேற்றதும் தப்புத்தான், சாவை ஊருக்குச் சொன்னதும் தப்புத்தான். இத்தனை வேலை செய்த வாத்தியத்துக்கு வாசலில் என்ன வேலை?

ஆறாவது, பெண்களின் நேரம். வார நாளில் மலையிலிருந்து வந்து, தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்த பிறகு ஒரு பெண்ணுக்கு எத்தனை மணி மிச்சம்? ஞாயிறென்றால் துணி துவைக்கப் பீலிக்கரையில் நிற்கிறாள். நேரத்தை மாதர் தலைவிகள் தீர்மானிக்கட்டும். கண்காட்சி நாளில் சமையலை ஆண்கள் செய்யட்டும். சிரிக்கிறீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேநீரும் சோறும் மாதர் சங்கத்தின் தலையில் விழுந்தால், பாடத் தெரிந்த பெண் அடுப்படியில்தான் நிற்பாள்.

செலவு எப்படி என்று பொருளாளர் கேட்பார். நம்மிடம் இருப்பதைக் கொண்டு தொடங்கலாம். வாசிகசாலை, கோயில் மண்டபம், பாடசாலை மண்டபம், நிர்வாகம் சம்மதித்தால் கொழுந்து மடுவம் கூட. படம் தொங்கவிடக் கயிறும் துணிக் கிளிப்பும் போதும். காகிதத்துக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டால் பனி ஏறாது. பணம் செலவாவது கலைஞரின் கூலிக்கும் லொறி வாடகைக்கும்தான். மாதாமாதம் நாம் கட்டும் சந்தாவிலிருந்து ஒரு சிறு தொகையை இதற்கென்று தனியாக ஒதுக்க, இன்று தீர்மானம் போட வேண்டும். ஒதுக்கிய தொகையும் செலவும் இந்தப் பத்திரிகையிலேயே கணக்காக வெளிவர வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கலை படித்து என்ன செய்வது என்று வீட்டில் கேட்பார்கள். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை படித்தவர். தேயிலைச் சாயத்தையே வர்ணமாக்கி, தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையைப் படைப்பாகச் செய்கிறவர். கொழும்புக் கண்காட்சிகளில் அவர் படைப்பைப் பார்த்தவர்கள் மலையகத்தைப் பற்றி அவரிடமிருந்து கேட்டார்கள், தேயிலைக் கம்பனியின் விளம்பரத்திலிருந்து அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிக்கலாம், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. சித்திரமோ சங்கீதமோ நடனமோ எடுத்து உயர்தரம் எழுதும் பிள்ளைகள் அங்கே போக வழி உண்டு. கொட்டகலை பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயின்று வரும் ஆசிரியர்கள் நம் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்காட்சிக்கு அழைத்து, விண்ணப்பம் எப்போது, எந்தப் பாடம் வேண்டும் என்று பெற்றோருக்கு விளக்க ஒரு மேசை போடுவோம். படம் பார்க்க வந்த அப்பா அம்மா அந்த மேசையிலும் ஐந்து நிமிடம் நிற்கட்டும்.

கடைசியாக, நீங்கள் போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டிய வேலை. ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் சேர்ந்து ஒரு கொப்பி திறக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் எந்த டிவிசனில், எந்த லயத்தில், யார் என்ன செய்யத் தெரிந்தவர் என்று எழுதுங்கள். கூத்து, தப்பு, உறுமி, பாட்டு, கூடை, தையல், படம், எதுவானாலும். வயதானவர்களை முதலில் எழுதுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவர்களோடு போய்விடும். யாரிடம் கற்றார்கள், இப்போது யாருக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்கு எத்தனை இடத்தில் "ஒருவரும் இல்லை" என்று வருகிறதோ, அங்கேதான் முதலில் உதவி தேவை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள். மாசிக் கண்காட்சிக்கு இடமும் நாளும் அன்றைக்கே முடிவு செய்வோம். சந்தாவில் நிதி ஒதுக்கும் தீர்மானத்தையும், ஒரு பேர் சம்பளத்துக்குக் குறையாமல் கலைஞருக்குக் கொடுப்பது என்ற தீர்மானத்தையும் இப்போது சபையின் முன் வைக்கிறேன். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுந்து சொல்லுங்கள், பேசி முடித்துவிட்டுப் போவோம்.